யாரோடு என்று டாக்டரம்மா கேட்கவில்லை

இன்று காலையில் பரணைத் துடைக்கிறேன் என்று ஏறிய என் மருமகள், பழைய வேட்டி மூட்டைக்குள்ளிருந்து உம்முடைய பெருங்காய டப்பாவை எடுத்துக்கொண்டு இறங்கினாள். மூடியைத் திறந்ததும் அடுக்களை முழுக்கப் பெருங்காய வாசம். அதோடு விட்டாளா? உள்ளே கிடந்த மாத்திரை அட்டையை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"மாமா, இது யாரு மாத்திரை?"

நீர் போய் இரண்டு வருஷம் ஆகிறது ஓய். போன பிறகும் என் வீட்டில், என் மருமகள் முன்னால் என்னைத் திருதிருவென்று முழிக்க வைக்கிறீர். எனக்கு வந்த கோபத்தில் அந்த டப்பாவைத் தெருவில் வீசியிருப்பேன்.

"அவருதுதான் தாயி," என்றேன். இந்த வீட்டில் 'அவர்' என்றால் நீர்தான். தச்சநல்லூரில் இருந்துகொண்டு நெல்லைச் சீமையில் பாதிக் கல்யாணங்களுக்குச் சமைத்துப் போட்ட தவசுப்பிள்ளை. நான் உம்முடைய அடுப்படியில் நாற்பது வருஷம் தேங்காய் அரைத்து, காய் நறுக்கி, அண்டா இறக்கியவன்.

அவள் முகம் சுளிக்கவில்லை. "அவருக்கு நெஞ்சு வலிக்கு நாக்குக்கடியில வைக்கிற மாத்திரை உண்டுல்லா? ரெண்டும் சேரக் கூடாதே மாமா. பிரஷர் சரசரன்னு எறங்கிருமே. அவருக்குத் தெரியாதா?"

கேட்டீரா? எப்போதோ ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது போனில் பார்த்தாளாம். இவ்வளவு லேசாகக் கையில் கிடைக்கிற விஷயம் உமக்குக் கிடைக்கவில்லை. அந்த எரிச்சலில்தான் உட்கார்ந்து பேச ஆரம்பித்தேன். எனக்கு எழுத்து தெரியாது என்பது உமக்குத் தெரியும். அவள் எழுதுகிறாள். சில இடத்தில் பேனா நின்றுபோகிறது. "எழுது தாயி, கூச்சப்பட்டுத்தான் இவ்வளவும் ஆச்சு," என்கிறேன். மறுபடி ஓடுகிறது.

ஐநூறு இலைக்கு என்ன சாமான், எத்தனை தேங்காய், எத்தனை படி பருப்பு என்று நான் மனசிலேயே வைத்திருப்பேன். நீர் அழகாக எழுதிச் சட்டைப்பையில் வைத்து, அதே சட்டையைத் துவைக்கப் போடுவீர். பிறகு என்னிடம் வந்து நிற்பீர். படித்தவர் நீர். மளிகை கட்டி வந்த காகிதத்தைக்கூட விரித்து வைத்துப் படிக்கிற மனிதர். எதைப் படிக்க வேண்டுமோ அதை மட்டும் படிக்கவில்லை.

திசையன்விளைச் சடங்கு வீடு நினைவிருக்கிறதா? பந்தி முடிந்து பாத்திரம் ஒதுக்குகிற நேரத்தில் உம்மைக் காணோம். அரை மணி நேரம் கழித்து, வேர்த்து விறுவிறுத்து, ஆனால் முகத்தில் சிரிப்போடு வந்தீர். கொட்டகைக்குப் பின்னால் என்னைக் கூப்பிட்டீர்.

"ஏ வே, பைய இங்கன வாரும். இது என்னன்னு சொல்லும் பாப்போம்."

"பிரஷர் மாத்திரை."

"போவே மூதி. இது ஆம்பள மாத்திரை."

"உமக்கெதுக்குவே இந்த வயசுல?"

"வயசு முட்டியிலதான்வே ஏறியிருக்கு. மத்த இடத்துக்கெல்லாம் இன்னும் சேதி போகல."

நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்ய? உம்முடைய வீட்டு அக்கா தவறிப் பதினைந்து வருஷமாக ஒற்றையாகக் கிடந்தவர். சீவலப்பேரியிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து, நம்முடைய விசேஷங்களில் பாத்திரம் கழுவிப் போகும் அந்தப் பெண்ணும் ஒற்றைதான். மற்ற நாளில் நடவும் களையெடுப்புமாக வயலில் கிடப்பாள். உங்கள் இருவருக்கும் நடுவில் இருந்ததை நான் ஒருநாளும் தப்பாக நினைத்ததில்லை. அவள் வந்த நாட்களில் நீர் அடுப்படியில் யாரையும் திட்ட மாட்டீர். எங்களுக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது.

"தச்சநல்லூர்ல இல்லாத மருந்துக்கடையா?" என்று கேட்டேன்.

"அங்கன வாங்கினா, வெயில் தாழுததுக்குள்ள என் மகன் வேலை பாக்குத பள்ளிக்கூடம் வரைக்கும் போயிரும். இங்கன என்னை எவனுக்குத் தெரியும்?"

"கடைக்காரன் ஒண்ணும் கேக்கலியா? டாக்டர் சீட்டு, அது இதுன்னு?"

"கேக்க மாட்டான்னுதானவே இவ்வளவு தூரத்துல வாங்குதேன்."

இதைத்தான் என்னால் இன்றுவரைக்கும் பொறுக்க முடியவில்லை. கேள்வி கேட்காத ஒருவனைத் தேடி இரண்டு பஸ் தூரம் போய் வாங்கியிருக்கிறீர். கேட்டிருந்தால் அவனே தடுத்திருப்பான். அதற்கு ஆறு மாதம் முன்னால்தான் உமக்கு முதல் தடவை நெஞ்சு வலி வந்து, நாக்குக்கடியில் வைக்கிற மாத்திரையை எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதையும் இதையும் ஒரே பெருங்காய டப்பாவில் போட்டு மடியில் செருகிக்கொண்டு திரிந்தீர். உமக்குக் கைக்கணக்குதான் எல்லாவற்றுக்கும். "முதல்ல பாதி போட்டுப் பாத்தேன், காரம் பத்தல, அதான் முழுசு," என்று என்னிடமே சொன்னீர். சாம்பாரா வே அது?

அந்த நாளுக்கு வருகிறேன். முந்தின நாள் ஒரு கல்யாணத்தை முடித்திருந்தோம். நான் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் தலையைச் சாய்த்திருந்தேன். போன் அடித்தது.

"ஓய், ஒரு ஆட்டோ பிடிச்சு சீவலப்பேரி பஸ் ஸ்டாப்புக்கு வாரும். ஒருத்தர்ட்டயும் மூச்சு விடாதேயும்."

குரலே சரியில்லை. நான் வந்து பார்த்தால், கொளுத்துகிற வெயிலில், சட்டை நனைந்து உடம்போடு ஒட்டிக் கிடக்க, அங்கே கல்லில் உட்கார்ந்திருக்கிறீர். அவள் வீட்டில் வைத்து வலி வந்திருக்கிறது. அங்கேயே படுத்துக்கொண்டு ஆளனுப்பியிருக்கலாம். அந்த வீட்டு வாசலில் ஆட்டோ நின்றால் நாலு பேர் பார்ப்பார்கள் என்று, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்து வந்திருக்கிறீர். தெருமுக்கில் அவள் நின்றுகொண்டிருந்தாள். வராதே வராதே என்று நீர் கையை ஆட்டிக்கொண்டிருந்தீர்.

ஆட்டோவில் ஏறியதும் டப்பாவைத் திறந்து ஒன்றை நாக்குக்கடியில் வைத்தீர். கொஞ்ச நேரத்தில் உம்முடைய தலை என் தோளில் சாய்ந்துவிட்டது. கை சில்லிட்டிருந்தது. எனக்கு அப்போது எது எதோடு சேரும், சேராது என்பதெல்லாம் தெரியாது. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"அந்த மாத்திரை போட்டீராவே?"

"ஒண்ணரை மணிக்கு. முழுசு."

"டாக்டர்ட்ட சொல்லிரும்."

"வாயத் தொறந்தா அவ பேரு சந்திக்கு வந்துரும்வே. என் மகன் தலை நிமிந்து நடக்காண்டாமா?" டப்பாவை என் கையில் திணித்தீர். "இதை மடியில வையும்."

வைத்துக்கொண்டேன். அரை மூடித் தேங்காயைக் கொடுத்து வையும் என்றால் எப்படி வைப்பேனோ, அப்படி.

ஆஸ்பத்திரியில் உம்முடைய மகன் நமக்கு முன்னால் வந்து நின்றான். ஆட்டோவிலிருந்து நான்தான் போன் போட்டிருந்தேன். சின்ன வயசு டாக்டரம்மா. உம்மைப் படுக்க வைத்து, பிரஷர் பார்த்து, உம்முடைய காதுக்குக் கிட்டக் குனிந்து கேட்டாள்.

"ஐயா, நாக்குக்கடியில வெச்ச மாத்திரை சரி. வேற எதுவும் எடுத்தீங்களா? ஆண்மைக்குன்னு மாத்திரை, லேகியம், எதுவா இருந்தாலும் சொல்லுங்க. கூச்சமே வேண்டாம். அதுக்குத் தகுந்த மாதிரிதான் மருந்து குடுக்கணும்."

இதற்கு மேல் ஒரு மனுஷி எப்படிக் கேட்பாள்? நீர் மகனைப் பார்த்தீர். பிறகு சொன்னீர்: "சேச்சே. ஒண்ணுமில்லம்மா."

அந்த 'ஒண்ணுமில்ல' எனக்குப் புதிது இல்லை. சாப்பிட்டவர்கள் பந்தியை விட்டு எழுந்து, கையைக் கழுவிவிட்டு நேராக அடுப்படிக்கு வருவார்கள். "அண்ணாச்சி, சொதியில என்ன சேத்தீங்க, இப்படி மணக்கு?" என்று கேட்பார்கள். "ஒண்ணுமில்ல, தேங்காப்பாலும் இஞ்சியும்தான்," என்பீர். என்ன சேர்த்தோம் என்பது வெளியே போகக் கூடாது. அது நம் அடுப்படிச் சட்டம். உம்மிடம் தோற்றவர்கள் என்னிடம் வருவார்கள். எனக்கும் நீர் பதில் பழக்கி வைத்திருந்தீர். "எனக்குத் தெரியாது, அவரைத்தான் கேக்கணும்." எத்தனை கல்யாண வீட்டில் சொல்லியிருப்பேன்! வாய் தானாகச் சொல்லும்.

உம்மை உள்ளே கொண்டுபோன பிறகு டாக்டரம்மா வெளியே வந்தாள். நேராக என்னிடம் வந்தாள். பக்கத்தில் உம்முடைய மகன்.

"நீங்கதானே கூட்டிட்டு வந்தது? அவர் வேற ஏதாவது மாத்திரை எடுத்தாரா? தெரிஞ்சா சொல்லுங்க."

டப்பா என் மடியில் இருந்தது. இடுப்பில் உறுத்திக்கொண்டிருந்தது. ஒண்ணரை மணி, முழு மாத்திரை. ஐநூறு இலைக் கணக்கை மறக்காதவனுக்கு இதுவா மறக்கும்?

"எனக்குத் தெரியாதும்மா. அவரைத்தான் கேக்கணும்."

நெஞ்சு வலிக்கென்று சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றினார்கள். இருந்த பிரஷரும் இறங்கி, பிறகு ஏறவே இல்லை. அந்தி மசங்கும்போது உம்முடைய மகன் என் தோளில் முகத்தை வைத்து அழுதான். அவனுடைய கை என் இடுப்பைச் சுற்றி வந்தபோது, டப்பாவில் பட்டுவிடுமோ என்று உடம்பை ஒடுக்கினேன். அந்த நேரத்திலும் எனக்கு அந்தப் பயம்தான் இருந்தது. என்ன மனுஷன் நான்!

உம்முடைய பதினாறு முடிந்து இரண்டு நாள் கழித்து, எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துச் சிஸ்டரிடம், யாரோ ஒருவருக்கு நடந்தது போலக் கேட்டேன். அவள் விளக்கிச் சொன்னாள். நெஞ்சு வலி மாத்திரையும் ரத்தக் குழாயை விரிக்கும், ஆம்பள மாத்திரையும் விரிக்கும். இரண்டும் சேர்ந்தால் பிரஷர் பாதாளத்துக்குப் போய்விடும். "சொல்லியிருந்தா அதே வகை மருந்தைச் சொட்டா ஏத்தியிருக்க மாட்டாங்க, வேற வழி பாத்திருப்பாங்க. பொழைச்சிருப்பார்னு சத்தியம் பண்ண முடியாது அண்ணாச்சி. ஆனா வழி இருந்திருக்கும்," என்றாள்.

அன்றைக்கே பஸ் ஏறிச் சீவலப்பேரி போனேன். அவள் களையெடுத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் வரப்புக்கு ஏறி வந்தாள். சேறு காயாத கையோடு, வந்தவரை வாங்க என்றுகூடச் சொல்லாமல் கேட்டாள்.

"அண்ணாச்சி, என்னாலயா?"

பதினெட்டு நாளாக அதைத்தான் மென்றுகொண்டிருந்திருக்கிறாள். உம்முடைய முகத்தைக் கடைசியாகப் பார்க்கக்கூட வரவில்லை. வந்தால் யார் என்று கேட்பார்கள் என்று. நான் எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரை, டப்பா, டாக்டரம்மா கேட்டது, உமக்கு அவள் பெயர் சந்திக்கு வந்துவிடுமோ என்று இருந்த பயம். அழுவாள் என்று நினைத்தேன். சண்டைக்கு வந்தாள்.

"எம் பேரா? எம் பேரு என்ன அண்ணாச்சி, எலெக்சன்ல நிக்கப் போற பேரா? ஒம்பது வருசமா அவரு வாரது இந்தத் தெருவுக்கே தெரியும். பக்கத்து வீட்டுக்காரி அவரு தலையக் கண்டா ஆட்ட அவுத்துக்கிட்டு மேய்க்கப் போயிருவா, நாங்க ரெண்டு வார்த்தை பேசிக்கிடட்டும்னு. இவரு யாருட்ட ஒளிச்சாரு?"

"அவரு மகனுக்காகத்தான்..."

"அந்த டாக்டரம்மா யாரோடன்னா கேட்டா? என்ன மாத்திரைன்னுதான கேட்டா? அதுல எம் பேரு எங்கன வருது?"

அவள் சேற்றுக் கையை முந்தானையில் துடைத்தாள். குரல் இறங்கிவிட்டது.

"சரி, அவரு வாயக் கட்டிக்கிட்டாரு. உங்க வாய யாரு அண்ணாச்சி கட்டினா?"

ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் உம்மைத் திட்டிக்கொண்டே வந்தேன். ஆற்றுப் பாலம் வந்தபோது திட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. மிச்சம் இருந்தது நான்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, பிரஷர்-சுகர் மாத்திரை கொடுக்கிற நாள். சுகாதார நிலையத்தில் வரிசையில் நிற்கிறேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் குசுகுசுவென்று பேசுகிறார்கள். ஒருவர் மற்றவருக்கு எந்தக் கடையில், கேள்வி இல்லாமல், கிடைக்கும் என்று சொல்லிக்கொடுக்கிறார். எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தச் சத்தம்.

"நாக்குக்கடியில வைக்கிற மாத்திரை உண்டாவே உமக்கு?"

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பெண்கள் வரிசையும்தான். சிஸ்டர் வெளியே வந்தாள். வெளியே போ என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, மருந்து அறைக்குப் பின்னால் கிடந்த ஒரு பெஞ்சைக் காட்டினாள். "கத்தாதீங்க அண்ணாச்சி. அங்கன உக்காந்து பையப் பேசுங்க. நான் கேட்டா ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டேங்காங்க. நீங்க கேளுங்க."

அன்றையிலிருந்து ஒவ்வொரு செவ்வாயும் அந்தப் பெஞ்சில் உட்காருகிறேன். எனக்கு எழுத்து தெரியாது என்பது ஊருக்கே தெரியும். அதனாலேயே மடியில் இருப்பதைக் கூசாமல் எடுத்துக் காட்டுகிறார்கள். நிறத்தைப் பார்த்து நான் ஒன்றும் சொல்வதில்லை. கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும் என்று சிஸ்டர் கண்டித்துச் சொல்லியிருக்கிறாள். கேட்பேன், பிறகு கையைப் பிடித்து அவளிடமோ டாக்டரிடமோ கொண்டுபோய் விடுவேன். அவ்வளவுதான் என் வேலை.

ஆனால் இந்த ஆட்களோடு மாரடிக்க முடியவில்லை ஓய். எல்லாரும் சிநேகிதனுக்காகத்தான் கேட்கிறார்கள்.

"என் சிநேகிதன் ஒருத்தன் இருக்கான் அண்ணாச்சி. அவனுக்கு..."

"அவருக்கு நெஞ்சு வலி உண்டா?"

"எனக்கு... அவனுக்கு உண்டு."

"உம்ம சிநேகிதருக்குக் கையும் காலும் நடுங்குதே, அவரை உக்காரச் சொல்லும்."

இன்னொருவர், "இது மாத்திரை இல்ல, மூலிகைப் பொடி, ஒண்ணும் செய்யாது," என்று வந்தார். "ஒண்ணும் செய்யலன்னா எதுக்குவே திங்கீரு? பொடியில என்ன கலந்திருக்குன்னு அரைச்சவனுக்குத்தான் தெரியும். நான் நாப்பது வருசம் அரைச்சவன்," என்றேன். அது செல்லுபடியாயிற்று. ஒருவர் குவார்ட்டரோடு சேர்த்துப் போட்டுக் குளியலறையில் மயங்கி விழுந்து, நெற்றியில் தையலோடு வந்தார். வழுக்கிவிட்டது என்றுதான் பெண்டாட்டியிடம் சொல்லியிருக்கிறார். அவளோ வெளியே நின்று சிஸ்டரிடம் முழுக்கதையும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஆசைப்படாதே என்று நான் ஒருவரிடமும் சொல்வதில்லை. சொன்னால் எழுந்து போய்விடுவார்கள். அதுவும் போக, எனக்கு அதில் என்ன பாத்தியதை? நெஞ்சுக்கு மாத்திரை தின்கிறவர் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடாதேயும் என்கிறேன். தொட்டுவிட்டு வலி வந்தால் நாக்குக்கடியில் ஒன்றையும் வைக்காதேயும், ஆஸ்பத்திரிக்கு ஓடும், முதல் வார்த்தையாக என்ன போட்டீர், எத்தனை மணிக்குப் போட்டீர் என்று சொல்லும் என்கிறேன். மகன் நின்றாலும் சொல்லும், மருமகன் நின்றாலும் சொல்லும். யாரோடு என்று அங்கே ஒருவரும் கேட்கப் போவதில்லை. தலையாட்டுகிறார்கள். வாசல் தாண்டியதும் எத்தனை பேர் அதே கடைக்குப் போகிறார்களோ! அடுத்த செவ்வாய் திரும்ப வந்து உட்கார்ந்தால் சரி என்று இருக்கிறது.

டப்பாவை இன்று மத்தியானம் சிஸ்டரிடம் கொடுத்தாயிற்று. மாத்திரைகளை அவள் பார்த்துக்கொள்வாள். அதோடு எனக்கு ஒன்றும் இறங்கிவிடவில்லை. ஒரு பதிலைச் சுமந்துகொண்டிருக்கிறேன் வே. பல் தேய்க்கும்போது, சோற்றில் கை வைக்கும்போது, பெஞ்சில் ஆள் வராத நேரத்தில், அந்த டாக்டரம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறாள். நேராக என்னிடம் வருகிறாள். கேட்கிறாள். உம்முடைய மகன் பக்கத்தில்தான் நிற்கிறான். அவன் இருக்கட்டும்.

"போட்டிருக்காரும்மா. மத்தியானம் ஒண்ணரை மணிக்கு. ஒரு முழு மாத்திரை."